பெயர் ஒன்று, பின்னல் இரண்டு

தொழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு பாஷை உண்டு. தொழிலிற் பழகாதவர்க்கு அது விளங்குவதில்லை. பழகியவர்க்கோ அது பேச்சோடு பேச்சாய்க் கலந்துவிடுவதால் தனிப் பாஷை என்ற நினைவே எழுவதில்லை. ஊர்காவற்றுறைக் கடற்கரையில் வலை திருத்துகின்றவர் ‘கண்’ என்று சொன்னால் அது முகத்துக் கண்ணன்று, வலைக்கண். தீவகத்து மூதாட்டி பனையோலையிற் பெட்டி ‘இழைக்கிறாள்’. தென்னோலையிற் கிடுகு ‘பின்னுகிறாள்’. இழைத்தலைப் பின்னுதல் என்றும், பின்னுதலை இழைத்தல் என்றும் அவள் ஒருபோதும் மாற்றிச் சொல்வதில்லை. இச்சொற்களை அவள் அகராதி பார்த்துக் கற்கவில்லை. கை செய்தது; வாய் அதற்குப் பெயர் சொல்லிற்று.

கடல் கடந்து வரும் தொழிலின் நிலை வேறு. அங்கே சொல் முன்னே வருகின்றது. செயல் பின்னே வருகின்றது. சொல்லைப் பற்றிக்கொண்டு செயலைத் தேடுகின்றவர் இடறுவது இயல்பே. அவ்வாறு பலரை இடறச் செய்யும் சொல் ஒன்றினை இக்கிழமை எடுத்துக்கொள்வோம். ‘றிப்’ என்பதே அச்சொல். பின்னல் இயந்திரம் வைத்திருப்போரையும், ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் செல்ல எண்ணும் மாணவியரையும், வீட்டிலிருந்தே சிறிது வருவாய் தேட விரும்பும் தாய்மாரையும் நினைந்து இதனை எழுதுகின்றோம்.

வெயில் காயும் தீவகத்துக்கும் கம்பளிப் பின்னலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். 1990 ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின்னர் புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய ஊர்களின் மக்கள் உலகெங்கும் பரந்து வாழ்கின்றனர். பாரிசிலும் சூரிச்சிலும் தொறன்ரோவிலும் வாழும் அவர்களுடைய பிள்ளைகளுக்குக் குளிர்காலம் உண்டு, சுவெற்றர் வேண்டும், தொப்பி வேண்டும். அதுவுமன்றிப் பின்னல் என்றாற் கம்பளி மட்டுமே என்பதும் இல்லை. நாம் அணியும் பருத்திப் பெனியன் பின்னல், பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுச் சட்டை பின்னல், காலுறை பின்னல். வெப்ப நாட்டில் வாழும் நாமும் நாளும் பின்னலை உடுத்தே திரிகின்றோம்.

வெளிநாட்டு உறவினர் ஒருவர் தாம் பாவித்த வீட்டுப் பின்னல் இயந்திரத்தை ஊருக்கு அனுப்பிவைக்கின்றார் என்று கொள்வோம். அது பிரதராக இருக்கலாம். சில்வர் றீட்டாக இருக்கலாம். சுவிற்சர்லாந்தின் பாசாப்பாக இருக்கலாம். பிரதர் நிறுவனம் வீட்டுப் பின்னல் இயந்திரம் செய்வதை நிறுத்திப் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. ஆகவே கைமாறி வரும் பழைய இயந்திரங்களே கிடைக்கும். அவற்றோடு வரும் கையேடும் பழையதே. அது ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ இருக்கும். முதற் சில பக்கங்களைப் படம் பார்த்தே கடந்துவிடலாம். ‘றிப்’ என்ற பகுதி வந்ததும் படங்கள் குறையும், பெயர்கள் பெருகும். பெயர்கள் பெருகும் இடத்திலே பின்னுகின்றவரின் ஊக்கம் குறையும். ஈற்றில் நல்ல இயந்திரம் ஒன்று துணி போர்த்தப்பட்டு அறையின் மூலையிற் கிடக்கும். குறை இயந்திரத்திலும் இல்லை, கையிலும் இல்லை, சொல்லிலேதான் இருக்கின்றது.

சொல்லைப் பார்க்குமுன் பொருளைப் பார்ப்போம். வீட்டிலுள்ள ஒரு பெனியனையோ ரீசேட்டையோ எடுத்து அதன் கழுத்துப்பட்டியை இரு கையாலும் சற்றே இழுத்துப் பாருங்கள். மேலிருந்து கீழாக மேடும் பள்ளமுமாகக் கோடுகள் தோன்றும். கையை விட்டதும் அவை நெருங்கிக்கொள்ளும். துணியின் மறுபுறத்தைத் திருப்பினாலும் அதே காட்சிதான். இனி அதே சட்டையின் உடற்பகுதியைப் பாருங்கள். அதன் முன்புறம் ஒருவிதமாகவும் பின்புறம் வேறுவிதமாகவும் இருக்கும். முன்புறத்தில் ‘வ’டுப்போலக் கூர்நுனி கீழ்நோக்கிய சிறு கண்ணிகள் வரிசையாக நிற்கும், பின்புறத்தில் சிறு பிறைகள் அடுக்கியதுபோலத் தோன்றும். கழுத்துப்பட்டியில் உள்ளது றிப். உடலில் உள்ளது சாதாரணப் பின்னல். ஆங்கிலத்தில் றிப் என்றால் விலா எலும்பு. தோணியின் உள்ளே வளைந்து நிற்கும் விலாச்சட்டங்களை நினைத்துக்கொண்டால் இப்பெயர் வந்த காரணம் உடனே விளங்கும்.

இனிப் பின்னல் என்பது யாதென்று சிறிது நோக்குவோம். பெட்டி இழைக்கும்போது ஓலைகள் ஒன்றன்மேலும் கீழுமாகக் குறுக்கே செல்கின்றன. நெசவிலும் அப்படியே, பாவு என்றும் ஊடு என்றும் இருவகை நூல்கள் உண்டு. பின்னலிலோ ஒரே நூல்தான். அந்நூல் ஒரு கண்ணியாக வளைகின்றது. அக்கண்ணியின் ஊடாக அடுத்த கண்ணி இழுக்கப்படுகின்றது. கிடையாக ஓடும் கண்ணிகளின் வரிசையை நிரை என்போம். மேலிருந்து கீழாக ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும் கண்ணிகளின் வரிசையை நிரல் என்போம். மாணவர்கள் கணித பாடத்திற் கற்ற நிரையும் நிரலும் இங்கே அப்படியே பொருந்தும். கண்ணியானது நம்மை நோக்கி இழுக்கப்பட்டால் அதனை முன்கண்ணி என்றும், அப்பால் இழுக்கப்பட்டால் பின்கண்ணி என்றும் வைத்துக்கொள்வோம். முன்கண்ணி நிரலும் பின்கண்ணி நிரலும் மாறி மாறி நிற்பதே றிப். இவ்வொரு வரியை மனத்திற் பதித்துக்கொண்டால் பிற யாவும் எளிதாகும்.

கையால் இரு ஊசி கொண்டு பின்னுகின்றவருக்கு முன்கண்ணியும் பின்கண்ணியும் ஒன்றுபோலவே எளியவை. நூலை முன்னே கொண்டுவந்தால் ஒன்று, பின்னே கொண்டுசென்றால் மற்றொன்று. இயந்திரத்துக்கு அவ்வசதி இல்லை. அதன் ஊசி ஒரு பக்கமாக மட்டுமே இழுக்கும். 1589 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் அமைத்த முதற் பின்னற் சட்டம் சாதாரணப் பின்னலை மட்டுமே செய்யவல்லதாயிருந்தது. றிப் பின்னலை இயந்திரத்துக்குக் கற்பிக்க ஏறத்தாழ 170 ஆண்டுகள் கழிந்தன. டார்பிப் பகுதியிலே ஜெடிடியா ஸ்ரட் என்பவர் பழைய சட்டத்தின் முன்னே இரண்டாவதாக ஓர் ஊசி வரிசையைப் பொருத்தினார். ஒரு வரிசை ஒரு பக்கமாக இழுக்க, மற்றது எதிர்ப்பக்கமாக இழுத்தது. 1758, 1759 ஆம் ஆண்டுகளில் அதற்கு உரிமம் பெற்றார். அது ‘டார்பி றிப்’ என்று பெயர் பெற்றது. பின்னர் 1863 இல் அமெரிக்கரான ஐசக் லாம்ப் தட்டையான இரு ஊசிப்படுகைகள் எதிரெதிரே சாய்ந்து நிற்கும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். இன்று நம் வீட்டுக்கு வரும் இரட்டைப்படுகை இயந்திரமும், திருப்பூரிலே சட்டைக் காலர் பின்னும் தட்டை இயந்திரமும் அவ்வழி வந்தவையே.

எனவே இயந்திரத்தில் றிப் வேண்டுமாயின் இரண்டு படுகைகள் வேண்டும். பிரதர், சில்வர் றீட் முதலியவற்றில் இரண்டாவது படுகை தனியே பொருத்தப்படுவது. அதனை றிப்பர் என்பர். பாசாப்பில் இரண்டும் கூடவே அமைந்திருக்கும். றிப்பர் இல்லாத வீட்டார் மனந்தளர வேண்டியதில்லை. ஒற்றைப் படுகையிற் சாதாரணமாகப் பின்னிவிட்டு, ஒன்றுவிட்டு ஒரு நிரலை அடிவரை கழற்றி, நாக்குள்ள கைக்கருவியினால் எதிர்ப்பக்கமாக ஒவ்வொரு கண்ணியாக மேலே ஏற்றிவந்தால் அதுவும் உண்மையான றிப்பே. நேரம் மிகச் செல்லும். ஒரு குழந்தைத் தொப்பியின் விளிம்புக்கு அது பெரும் பாரமன்று. சில புத்தகங்கள் ‘மொக் றிப்’ என்று ஒன்றைக் கூறும். ஊசிகள் சிலவற்றை வேலையின்றி விட்டுப் பின்னி இரண்டாக மடித்துவிடும் போலி றிப் அது. கண்ணுக்கு றிப்பைப்போலத் தோன்றும். அதில் முன்கண்ணியும் பின்கண்ணியும் மாறி வருவதில்லையாதலால் உண்மை றிப்பைப்போல் இழுபட்டுச் சுருங்காது.

றிப்பின் பயன் யாது? சாதாரணப் பின்னலின் ஓரம் சுருளும்; றிப்பின் ஓரம் சுருளாது. முன்கண்ணி ஒருபுறமும் பின்கண்ணி மறுபுறமும் இழுப்பதால் இரண்டும் சமன்பட்டு நிற்கின்றன. கையை விட்டதும் முன் நிரல்கள் ஒன்றையொன்று நெருங்கிப் பின் நிரல்களை மறைத்துக்கொள்கின்றன. அதனாலேயே அகலம் குறைந்து தடிப்பு மிகுகின்றது. இழுத்தால் மறைந்திருந்த அகலம் வெளிப்படுகின்றது. கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் றிப்பை வைப்பது இதனாலேயே. தலை நுழையும்போது விரிய வேண்டும். நுழைந்தபின் ஒடுங்க வேண்டும். இன்னொரு குணமும் உண்டு. சாதாரணப் பின்னலை இரு நுனியிலிருந்தும் பிரிக்கலாம். ஒன்றுக்கு ஒன்றான றிப்போ கடைசியாகப் பின்னிய நுனியிலிருந்து மட்டுமே பிரியும். ஆகவே சட்டையின் கீழ்விளிம்பிலிருந்தும் கைநுனியிலிருந்தும் பின்னலைத் தொடங்குகின்றோம். தேயும் ஓரத்திலே பிரியாத நுனி அமைகின்றது.

இதுவரை கூறியதில் சிக்கல் ஒன்றும் இல்லை. சிக்கல் எண்களோடு தொடங்குகின்றது.

‘1×1 றிப்’ என்றால் ஒரு முன்கண்ணி நிரல், ஒரு பின்கண்ணி நிரல். இதில் எவருக்கும் ஐயமில்லை. ‘2×2’ என்றால் இரண்டு முன், இரண்டு பின். இதுவும் கேட்பதற்குத் தெளிவாகவே இருக்கின்றது. ஆயின் இயந்திரத்தில் அதே தோற்றத்தை இரு வழிகளிற் பெறலாம். முதல் வழி, ஒவ்வொரு படுகையிலும் இரண்டு ஊசியை வேலையில் வைத்து இரண்டை ஓய்வில் விடுவது. இரண்டாவது வழி, இரண்டை வேலையில் வைத்து ஒன்றை மட்டும் ஓய்வில் விடுவது. இரண்டிலும் துணியிலே இரண்டு முன், இரண்டு பின் என்றே நிரல்கள் தோன்றும். இரண்டாவதை ஒரு புத்தகம் துணியைப் பார்த்து ‘2×2’ என்று எழுதும். இன்னொரு புத்தகம் ஊசியைப் பார்த்து ‘2×1’ என்று எழுதும். கைப்பின்னற் புத்தகமோ இரண்டு முன்னுக்கு ஒரு பின் என்ற வேறொரு துணியையே ‘2×1’ என்று குறிக்கும்.

இதனால் வரும் வேறுபாடு சிறிதென்று எண்ண வேண்டாம். கணக்கிட்டுப் பார்ப்போம். படுகையில் 60 ஊசி அகலத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு வேலை, இரண்டு ஓய்வு என்று வைத்தால் ஒரு படுகைக்கு 30 ஊசி. இரு படுகைக்கும் 60. இரண்டு வேலை, ஒன்று ஓய்வு என்று வைத்தால் ஒரு படுகைக்கு 40 ஊசி. இரு படுகைக்கும் 80. பெயர் ஒன்று, தோற்றமும் ஒன்று, கண்ணிகளோ ஒன்றில் 60, மற்றொன்றில் 80. முதலாவது தளர்ந்து நிற்கும். இரண்டாவது இறுகி நன்கு மீளும். 80 கண்ணிக்கு எழுதிய மணிக்கட்டை 60 கண்ணியிற் பின்னினால் சில நாளிலேயே அது தொளதொளத்துத் தொங்கும். பின்னியவர் நூலைக் குறை சொல்வார். நூலின் குற்றம் அன்று, எண்ணின் குற்றம்.

இவ்விடத்தில் இன்னொரு சொல்லையும் விளக்கிவிடுவோம். பிரதர் றிப்பரில் எச், பி என்னும் இரு ஆங்கில எழுத்துகள் பொறித்த சிறு நெம்புகோல் உண்டு. பி என்ற இடத்தில் வைத்தால் இரு படுகைகளின் ஊசிகளும் நேருக்கு நேர் நிற்கும். எச் என்ற இடத்தில் வைத்தால் ஓர் ஊசியின் எதிரே மறு படுகையின் இடைவெளி வரும். அஃதாவது அரை இடம் தள்ளி நிற்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக ஊசி வைத்துப் பின்னும் 1×1 றிப்புக்கு பி பொருந்தும். ஏனெனில் வேலை செய்யும் ஊசியின் எதிரே ஓய்வு ஊசிதான் இருக்கும். இரண்டு வேலை, இரண்டு ஓய்வுக்கும் அப்படியே. இரண்டு வேலை, ஒன்று ஓய்வுக்கு எச் வேண்டும். எல்லா ஊசிகளையும் வேலையில் வைக்கும் முழு ஊசி றிப்புக்கும் எச் வேண்டும். முழு ஊசிகளையும் வைத்துவிட்டு நெம்புகோலை பி யில் மறந்துவிட்டால் எதிரெதிர் ஊசிகள் ஒன்றோடொன்று மோதும், வண்டி இறுகும், ஊசி வளையும். வேலை செய்யும் ஊசியின் நேரெதிரே வேலை செய்யும் ஊசி நிற்கலாகாது. இதை நினைவில் வைத்தால் எழுத்தை மறந்தாலும் தவறு நேராது.

இனி எல்லாவற்றிலும் பெரிய குழப்பத்துக்கு வருவோம். அது ‘இங்கிலீஷ் றிப்’ என்னும் பெயர்.

அதனை அறியத் தாங்குகண்ணி என்பது யாதென அறிய வேண்டும். வழக்கமாக ஊசி புதுநூலைப் பிடித்ததும் பழைய கண்ணியைக் கழற்றிவிடும். சிலவேளை பழையதைக் கழற்றாமலே புதுநூலையும் சேர்த்துத் தாங்கிக்கொள்ளும்படி செய்யலாம். அடுத்த நிரையில் இரண்டையும் ஒன்றாகப் பின்னிக் கழற்றும். ஆங்கிலத்தில் இதனை ‘ரக்’ என்பர். நாம் தாங்குகண்ணி என்போம். தாங்குகண்ணி வந்த இடத்திலே துணி பருக்கும், அகலும், உயரமோ வளராது. றிப் பின்னும்போது ஒரு படுகை மட்டும் ஒரு நிரைவிட்டு ஒரு நிரை தாங்கினால் வருவது அரைக் கார்டிகன். இரு படுகைகளும் முறைமாறித் தாங்கினால், அதாவது இது பின்னும்போது அதுவும் அது பின்னும்போது இதுவும் தாங்கினால், வருவது முழுக் கார்டிகன். முழுக் கார்டிகன் இருபுறமும் ஒன்றுபோலத் தடித்து மெத்தென்றிருக்கும். அரைக் கார்டிகனின் ஒரு புறத்தில் கண்ணிகள் முத்துப்போல் உருண்டு நிற்கும், மறுபுறம் வேறாயிருக்கும்.

ஆங்கிலக் கையேடுகள் சிலவற்றில் அரைக் கார்டிகனே ‘இங்கிலீஷ் றிப்’ எனப்படும். முழுக் கார்டிகன் ‘மீனவர் றிப்’ எனப்படும். பிரெஞ்சுப் புத்தகத்தைத் திறந்தால் அங்கும் ‘கோத் ஆங்கிளேஸ்’ என்று காணப்படும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதுவும் இங்கிலீஷ் றிப்தான். ஆயின் பிரெஞ்சுக்காரர் அப்பெயரால் முழுக் கார்டிகனைக் குறிப்பர். அரையை முத்துப் பின்னல் என்ற பொருளில் ‘கோத் பெர்லே’ என்பர். ஜெர்மன் பேசுவோர் முழுப் பற்றென்ற், அரைப் பற்றென்ற் என்று சொல்லி எது முழுமை, எது அரை என்று வெளிப்படையாகவே காட்டிவிடுகின்றனர். ஆகவே பாரிசிலிருக்கும் உறவினர் ‘இங்கிலீஷ் றிப்’ பின்னச் சொன்னால் ஒன்று. ஊரிலுள்ள ஆங்கிலக் கையேடு ‘இங்கிலீஷ் றிப்’ என்று சொன்னால் மற்றொன்று. இருவரும் மொழியறிந்தவர்களே. இருவரும் பிழையாகச் சொல்லவும் இல்லை. எனினும் கேட்டவர் கைக்கு வந்து சேரும் சுவெற்றர் அவர் கேட்டதன்று.

இங்கே ஒரு கணக்கும் உண்டு. முழுக் கார்டிகனில் வண்டி 100 நிரை ஓடினால் எந்த ஒரு நிரலிலும் 50 கண்ணிகளே தோன்றும். மற்ற 50 தடவையும் அந்த ஊசி தாங்கிக்கொண்டுதான் நின்றது. அரைக் கார்டிகனில் ஒருபுற நிரலில் 100 கண்ணிகளும் மறுபுற நிரலில் 50 கண்ணிகளும் இருக்கும். ‘100 நிரை பின்னுக’ என்று எழுதியிருக்க, ஒருவர் நிரைமானியைப் பாராமல் முழுக் கார்டிகனின் கண்ணிகளை 100 வரும்வரை எண்ணினால் 200 நிரை ஓடியிருக்கும். சட்டை முழங்காலைத் தொடும். நூலும் இருமடங்கு செலவாகும். நூல் விலை கொடுத்து வாங்கும் இல்லத்தில் இது சிரித்துவிட்டுப் போகும் பிழையன்று.

பெயர்கள் இவ்வாறு நம்மை ஏமாற்றுவதற்குக் காரணம் உண்டு. அவை செய்முறையைக் கண்டு இடப்பட்டவை அல்ல. ஒற்றைப்படுகைத் துணியை உலகெங்கும் ஜேர்சி என்கின்றனர். ஜேர்சி என்பது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஒரு சிறு தீவு. காலுறை பின்னி ஏற்றுமதி செய்வதில் அத்தீவினர் ஒருகாலத்தில் மிக ஈடுபட்டிருந்தனர். வயலிற் கதிர் அறுக்கவும் கடற்பாசி அள்ளவும் ஆளில்லாது போகவே, அக்காலங்களில் எவரும் பின்னலாகாதென்று 1608 ஆம் ஆண்டில் அங்கே சட்டமும் இயற்றினர். நம்மைப்போலத் தீவிலே வாழ்ந்த மக்களின் கைத்திறனே ஒரு துணியின் பெயராய் நிலைத்துவிட்டதை எண்ணும்போது மகிழ்ச்சி உண்டாகின்றது. கார்டிகன் என்பது ஒரு பிரபுவின் பட்டப்பெயர். டார்பி என்பது ஒரு நகரம். தீவின் பெயர் இருக்கின்றது. நகரின் பெயர் இருக்கின்றது. பிரபுவின் பெயர் இருக்கின்றது. ஊசியைப் பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

பொருளைக் காட்டுவதுபோலத் தோன்றி வேறு பொருளைத் தரும் பெயர்களும் உள. றிப் தொடங்கும்போது முதலில் இரு படுகைகளுக்கும் இடையே நூல் வளைந்து வளைந்து ஒரு நிரை செல்லும். பின் சீப்பையும் பாரக்கற்களையும் தொங்கவிட்டு ‘மூன்று வட்ட நிரை’ பின்னுக என்று கையேடு கூறும். தட்டை இயந்திரத்தில் வட்டம் ஏது என்று மலைக்க வேண்டாம். வண்டி போகும்போது ஒரு படுகை மட்டும் பின்னும். வரும்போது மற்றது மட்டும் பின்னும். துணி ஒரு குழாய்போல அமையும். அவ்வளவே. ‘கேஜ்’ என்ற சொல்லும் அத்தகையது. தொழிற்சாலையிலே ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பதே கேஜ். கைப்பின்னற் புத்தகத்தில் ஓர் அங்குலத் துணியில் எத்தனை கண்ணி என்பது கேஜ். வீட்டு இயந்திரத்திலோ ஊசிக்கும் ஊசிக்கும் உள்ள தூரத்தை மில்லிமீற்றரிற் குறிப்பர். பிரதரின் சாதாரண இயந்திரத்தில் அத்தூரம் 4.5 மில்லிமீற்றர், ஊசிகள் 200. மாணவர்கள் பெருக்கிப் பார்க்கலாம்: படுகையின் அகலம் 90 சென்ரிமீற்றர். 25.4 ஐ 4.5 ஆற் பிரித்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஐந்தரை ஊசி.

தமிழ்நாட்டுத் திருப்பூரிலே 1920 களிற் காலூன்றிய பின்னலாடைத் தொழில் இன்று அந்நகரையே வளர்த்து நிற்கின்றது. அங்குள்ள தொழிலாளர் றிப், இன்ரர்லொக், சிங்கிள் ஜேர்சி என்ற சொற்களைத் தமிழ்ப் பேச்சிலே கலந்து வழங்குகின்றனர். அவர்கள் அவற்றை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கும் தேவையும் அவர்களுக்கு எழவில்லை. துணியைத் தொட்டவுடனே இழுத்துப் பார்ப்பர். மிக விரிந்து மீண்டால் றிப். இருபுறமும் வழவழப்பாயிருந்து அவ்வளவு விரியாவிட்டால் இன்ரர்லொக். இரண்டு 1×1 றிப்புகள் ஒன்றோடொன்று பூட்டியதே இன்ரர்லொக். அங்கே இரு வரிசை ஊசிகளும் நேரெதிரே நிற்கும், ஆயின் முறைமாறியே பின்னும். அத்தொழிலாளருக்குச் சொல் கையிலிருந்து வருகின்றது. நம் மூதாட்டிக்கு இழைத்தலும் பின்னுதலும் வந்ததுபோலவே வருகின்றது.

எனவே பின்னலைக் கற்போர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. பெயரை மனனஞ் செய்வதிலே காலத்தைக் கழிக்க வேண்டாம். புத்தகத்தில் எப்பெயர் வந்தாலும் நான்கு வினாக்களைக் கேளுங்கள். முன்படுகையில் எத்தனை ஊசி வேலை, எத்தனை ஓய்வு? பின்படுகையில் எத்தனை வேலை, எத்தனை ஓய்வு? ஊசிகள் நேர் நிற்கின்றனவா, அரை இடம் தள்ளி நிற்கின்றனவா? தாங்குகண்ணி உண்டா, உண்டெனில் எந்தப் படுகையில், எந்த நிரையில்? இந்நான்குக்கும் விடை கிடைத்தால் பெயர் தெரியாவிட்டாலும் பின்னிவிடலாம். விடை கிடைக்காவிட்டால் பெயர் தெரிந்தும் பயனில்லை.

அடுத்தது, மாதிரித் துணி. புதிய றிப் ஒவ்வொன்றையும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பின்னி, ஒருநாள் ஓயவிட்டு, கழுவி உலர்த்தி அளந்த பின்னரே பெருவேலையிற் கைவைக்க வேண்டும். றிப்பை இயந்திரத்தில் தொங்கும்போது அளப்பது வீண். பாரக்கல் இழுத்த நீளம் அது. அம்மாதிரியில் ஒரு கடதாசித் துண்டைத் தைத்து நான்கு விடைகளையும் தமிழில் எழுதிவையுங்கள். கீழே, எந்தப் புத்தகம் அதற்கு என்ன பெயர் இட்டது என்பதையும் குறியுங்கள். பத்து மாதிரிகள் சேர்ந்தால் அதுவே ஒரு நூல். கிராமத்து மாதர் சங்கங்களும், பாடசாலைகளில் மனைப்பொருளியல் கற்பிக்கும் ஆசிரியைகளும் இவ்வாறு ஒவ்வொரு தொகுதி வைத்திருப்பார்களாயின், அடுத்து வரும் பெண் பிள்ளை கையேட்டைக் கண்டு அஞ்சமாட்டாள்.

கணவனை இழந்து தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் தீவகத்திலும் உளர். தோணி ஓடாத நாளில் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வருவதே அரிது. வேலை தேடி நாள்தோறும் கடல் கடப்பது எல்லோர்க்கும் இயல்வதன்று. வீட்டிலிருந்து செய்யத்தக்க தொழில் ஒன்று, அதுவும் கையில் இயந்திரம் இருக்கும்போது, சில அந்நியப் பெயர்கள் விளங்காமையால் கைவிடப்படுமாயின் அது பெரும் இழப்பு. அப்பெயர்களுக்குப் பின்னே மறைந்திருப்பவை எண்ணத்தக்க ஊசிகளே. சின்னம்மா பாரிசிலிருந்து கேட்டாலும், பெறாமகள் நெடுந்தீவிலிருந்து பின்னினாலும், ‘இரண்டு வேலை, ஒன்று ஓய்வு, அரை இடம் தள்ளி, தாங்குகண்ணி இல்லை’ என்று எழுதிவிட்டால் இருவர்க்கும் ஒரே துணிதான் கண்முன் தோன்றும். பெயர் நாட்டுக்கு நாடு மாறும், எண் மாறாது.